ஃபோர்ட் ஃபிஷர்: டிசம்பர்ல விழாத கோட்டை ஜனவரில எப்பிடி விழுந்தது?

வெள்ளவத்தை_பெடியன்:
அமெரிக்க சிவில் வார் பத்தி வாசிச்சுக்கொண்டு வாறன், ஒண்டு விளங்கேல்ல. தெற்கிட வில்மிங்டன் துறைமுகத்துக்குக் காவலா இருந்த ஃபோர்ட் ஃபிஷருக்கு 1864 டிசம்பர்ல வடக்கு நேவி அந்த அடி அடிச்சும் வடக்கு ஜெனரல் பட்லர் ஆமியத் திருப்பி ஏத்திக்கொண்டு போயிட்டார். மூண்டு கிழமையில திரும்பி வந்து பிடிச்சிட்டாங்கள். அதே கோட்டை, அதே அட்மிரல் போர்ட்டர், என்னதான் மாறினது?

கொட்டாஞ்சேனை77:
முதல்ல அது மண் கோட்டைங்க. தெற்கிட இன்னொரு கோட்டையான புலாஸ்கி செங்கல், 1862ல ரைஃபிள் பீரங்கி 30 மணித்தியாலத்துல உடைச்சிருச்சு, ஃபிஷர்ல ஷெல் மணல்ல புதைஞ்சு போகும். பட்லர் வெடிமருந்து நிரப்பின கப்பலைக் கிட்ட கொண்டுபோய் வெடிக்க வச்சார், ஒரு சேதமும் இல்ல. காசுதான் கரி.

ஓல்ட்_மேப்ஸ்:
மாறினது ரெண்டு விசயம். பட்லரை வடக்குத் தளபதி கிராண்ட் தூக்கிட்டார், அவர்ட இடத்துக்கு ஜெனரல் டெரி வந்தார், அவரும் போர்ட்டரும் பேசிப் பேசி வேலை செஞ்சாங்க. அடுத்தது குறி. டிசம்பர்ல கப்பல் கன்னர்மார் கோட்டைக் கொடியைப் பார்த்துச் சுட்டு நிறைய ஷெல்லை வீணாக்கினாங்க, ஜனவரி 13ல இருந்து கோட்டைப் பீரங்கியப் பார்த்தே சுட்டாங்க. தரைப்பக்கத்துப் பீரங்கி கிட்டத்தட்ட எல்லாம் போச்சு, மர வேலி உடைஞ்சுது, மண்ணுக்குள்ள புதைச்ச கண்ணிவெடி வயரும் அறுந்துபோச்சு. 15ம் திகதி பின்னேரம் கடற்கரைப் பக்கத்தால ஏறத்தாழ 2000 மாலுமிகளும் மரைன்களும் கோட்டையைத் தாக்க ஓடினாங்க, மாலுமிகள்ட கையில வாளும் ரிவால்வரும்தான், வாளோட ஓடிப்போய் மண்சுவர்ல ஏறச்சொன்னது யாருட யோசனையோ தெரியல, நல்லா அடி வாங்கினாங்க. ஆனா கோட்டைக்காரர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பின நேரம் ஆமி ஆத்துப் பக்கத்தால உள்ள பூந்துட்டு. பிறகு ஒவ்வொரு மண்மேடா சண்டை, கப்பல்கள் தங்கட ஆக்களுக்கு முன்னால இருக்கிற மேட்டுக்கு அடிச்சுக்கொண்டே வந்துச்சு, அதுதான் அசல் கூட்டு வேலை. ராத்திரி 10 மணி போல விழுந்துட்டு.

வெள்ளவத்தை_பெடியன்:
நன்றி அண்ணா. தெற்கு ஆமி உதவிக்கு வரேல்லயா?

ஓல்ட்_மேப்ஸ்:
தெற்கு ஜெனரல் ஹோக்கிட டிவிஷன் வடக்குப் பக்கம் கிட்டத்தான் நிண்டது தம்பி, ஆனா டெரி வந்திறங்கின உடனேயே குடாநாட்டுக்குக் குறுக்கால பதுங்குகுழி வெட்டி வழிய அடைச்சிட்டார், வடக்கிட கறுப்பினப் படையும் அதில நிண்டது. அந்தப் பகுதிக்குத் தெற்குத் தளபதியா இருந்த பிராக் பெரிசா ஒண்டும் செய்யல. கோட்டைத் தளபதி லாம்பும் ஜெனரல் வைட்டிங்கும் உள்ள காயப்பட்டுக் கிடந்தாங்க. பெப்ரவரி 22 வில்மிங்டனும் போச்சு.

கொட்டாஞ்சேனை77:
பிராக்கைப் பத்தித் தொடங்கினா இந்தத் திரெட் முடியாது 😅