பணிக்கருக்குச் சம்பளம் இருந்தது: அன்றாட வேலை கலையை வளர்க்கிறதா, விழுங்குகிறதா?

கரிக்கோடு எழுதியது:

"வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையப் போகிறேன் சார்" என்று வந்து நிற்கும் பழைய மாணவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: விடாதே. ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பலர் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்வோம். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைத் தாங்க இளம் வயதிலேயே தந்தித் துறையில் வேலைக்குப் போனார். சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராக நுழைந்தபோது அவருக்கு வயது 25. பிறகு அங்கேயே ஆசிரியர், 1957 முதல் 1967 வரை முதல்வர். முதல்வர் என்றால் கோப்பு, வருகைப் பதிவேடு, மாணவர் சேர்க்கை, அரசுக்குக் கடிதம் எல்லாம் உண்டு. அவருடைய ஓவிய வாழ்க்கையின் பெரிய திருப்பமான 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல், அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் தொடங்கியது. தூண்டுதல் எங்கிருந்து வந்தது? ஒரு மாணவனின் கணக்கு நோட்டிலிருந்து. எண்கள், எழுத்துகள், இயற்கணிதக் குறிகள், வடிவியல் கோடுகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. ஜாதகக் கட்டமும் வாசிக்க முடியாத எழுத்துகளும் மொய்க்கும் அந்தப் படங்களுக்கு வழி அங்கேதான் திறந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஓவியக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நோட்டு அவர் கண்ணில் பட்டிருக்குமா?

ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் இன்னும் நல்ல சாட்சி. பாலக்காட்டு வேர் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார், 1944இல் ஓவியம் படிக்கத் தாகூரின் சாந்திநிகேதன் போனார். பிறகு பரோடாவிலும் சாந்திநிகேதனிலுமாகப் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியர். இடையில் கைத்தறி வாரியத்தில் ஒரு வேலை. பரோடா நுண்கலைப் பிரிவு நடத்திய சந்தைக்காக மரத்துண்டு, தோல், மணி என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பொம்மை செய்தார். சுவரோவியம் உயர்ந்தது, பொம்மை தாழ்ந்தது என்ற கணக்கே அவரிடம் இல்லை. வேலை ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று நாம்தான் சுவர் எழுப்பிக்கொண்டு தவிக்கிறோம் என்பது என் கட்சி.

பகுதிநேரம் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் அரசுப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியன். 2012இல் எங்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று மாநிலம் முழுவதும் 16,549 பேரை அப்போது நியமித்தார்கள். படிப்படியாக ஏறி 2021இல் 10,000 ஆனது, பிறகு 12,500. மே மாதம் சம்பளம் இல்லாமலே ஆண்டுகள் ஓடின, பசி மட்டும் இருந்தது.

நீங்கள் காட்டிய இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். அதுவும் கலையைக் கற்றுத் தருவதற்கே சம்பளம் வாங்கியவர்கள். என் அன்றாடத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். தேர்வு அறை மேசைகளில் ஒட்டப் பதிவெண் எழுதுவது. ஆண்டு விழாவுக்கு முகப்பில் 'நல்வரவு' எழுதுவது. அறிவியல் ஆசிரியருக்கு இதயப் படம், சமூக அறிவியலுக்கு இந்திய வரைபடம். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் கரும்பலகை ஓரத்தில் பூச்சரம். இருக்கிற ஓவியப் பாடவேளையைப் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். கேட்பதெல்லாம் இல்லை, மணி அடித்ததும் சாக்பீஸோடு வந்து நிற்பார். பணிக்கர் கண்ணில் கணக்கு நோட்டு பட்டது. என் கண்ணில் கணக்கு ஆசிரியரே படுகிறார்.

மற்ற நாட்களில் சுவர் எழுதப் போகிறேன். கடைப் பலகை வேலையை ஃப்ளெக்ஸ் வந்து தின்றுவிட்டது. இரவு சாப்பிட்டு முடித்துத் தூரிகையை எடுத்தால் கை தானாக 'நல்வரவு' எழுதப் பார்க்கிறது. அன்றாட வாழ்க்கை கலைக்கு உரம் என்பவர்கள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றும் சொல்ல வேண்டும். யூரியா அதிகமானால் பயிர் கருகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியும்.

பழைய மாணவன் எழுதியது:

கரிக்கோடு ஐயா பணிக்கரைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதிப் பாதி அவருடைய கட்சிக்கு எதிராகப் பேசுகிறது.

1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பணிக்கர் ஏன் தொடங்கினார்? படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகக் கிடைத்த வேலைக்குப் போய், வரைவதையே கைவிட்டார்கள். அந்தக் கவலையில் பிறந்த கிராமம் அது. வேலை பார்த்துக்கொண்டே வரையலாம் என்று பணிக்கர் முழுதாக நம்பியிருந்தால், அன்று ஊருக்கு வெளியே கிடந்த கடலோர மணலில் நிலம் வாங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. நிலத்துக்கான பணம் பெரும்பாலும் கைவினைப் பொருட்களை விற்றதில் வந்தது. முக்கியமாக, மெழுகால் கோடிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகள். ஏற்பாடும் தெளிவானது: கைவினையில் வயிற்றுக்கு வழி செய்துகொள், மிச்ச நேரம் முழுவதும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும்.

பணிக்கர் இங்கே வேலையையும் கலையையும் கலக்கவில்லை. வேலைக்கு ஒரு எல்லைக்கோடு போட்டார். இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விட்டால் விவாதத்தில் ஒன்றும் மிஞ்சாது.

மெழுகுத்துணி எழுதியது:

பாத்திக் பேச்சு வந்ததால் நுழைகிறேன். அதைத் தொழிலாகச் செய்பவள் நான்.

கைவினையில் பிழைத்து மிச்ச நேரத்தில் வரைவது என்று எழுதிவிட்டீர்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். மெழுகின் சூடு குறைந்தால் அது துணியின் மேலேயே வெள்ளையாகப் படியும், உள்ளே இறங்காது. மெழுகு பட்ட இடம் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்தால்தான் மறுபக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். சூடு மிஞ்சினால் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். தேன்மெழுகு கூடினால் துணியோடு வளைந்து கொடுக்கும், வெடிப்பு விழாது. பாரஃபின் கூடினால் கசக்கும்போது நொறுங்கி, விரிசலுக்குள் சாயம் ஓடும். வாங்குகிறவர்கள் தேடுவதே அந்த விரிசல் கோடுகளைத்தான். சாயத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு இளகும். இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகு, சாயம், காயவைத்தல். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போய்த் தூரிகை பிடிக்க முடியாது.

ஆனால் கரிக்கோடு ஐயா சொல்வதில் ஒரு பங்கு உண்மை. கோடு எங்கே ஓடும் என்று தெரியாமல் மெழுகிட்ட துணியைக் கசக்குகிற துணிச்சல் எனக்கு ஆர்டர் வேலையில்தான் வந்தது. சும்மா வரைந்திருந்தால் ஒவ்வொரு துணியையும் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன்.

இன்னொன்று. இதுவரை எழுதிய மூவரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். அன்றாடம் என்றதும் உங்களுக்கு அலுவலகம் நினைவுக்கு வருகிறது, பள்ளி நினைவுக்கு வருகிறது. அடுப்படி யாருடைய கணக்கில் வரும்? பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் அங்கே படித்த ஓவியர் டி.கே. பத்மினி. கேரளத்தில் பொன்னானிப் பக்கத்துப் பெண். அவர் வரைந்த பெண்கள் யாருடைய பார்வைக்காகவும் நிற்காதவர்கள். 1968இல் திருமணம், 1969இல் பிரசவத்தில் மரணம். முப்பது வயதுகூட நிறையவில்லை. அவருடைய அன்றாடத்தை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? வாசலில் கோலம் போடும் பெண்கள் எல்லோருமே கலைஞர்கள்தானே என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பாராட்டில் எங்களுக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

கரிக்கோடு எழுதியது:

மெழுகுத்துணி அம்மா, பத்மினியை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன்.

பகுதிநேரம் தம்பிக்கு: நீங்கள் சொன்ன சம்பளம் அநியாயம். அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அது கூலிப் பிரச்சினை. அதற்கான சண்டையை அரசோடு போட வேண்டும், வேலை செய்துகொண்டே வரைவது என்ற கொள்கையோடு போடுவதில் பயனில்லை. ஓவியர் ஆதிமூலம் அரசின் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களை இன்றும் பேசுகிறோம். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதித் தந்த தலைப்பு எழுத்துகள் தமிழ் அச்சின் முகத்தையே மாற்றின. எழுத்து எழுதுவது அவருக்குக் கூலி வேலையாக இருந்ததா? நீங்கள் எழுதும் பதிவெண்ணையும் 'நல்வரவை'யும் அப்படிப் பார்க்கலாமே.

1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தி கேட்டு, சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் வரைந்த படங்களில் யார் இருக்கிறார்கள்? தையல்காரர், தச்சர், மேளம் அடிப்பவர், அடுப்படியில் வேலை செய்யும் பெண். அவரும் ஆசிரியர்தான். அன்றாடத்தைவிட்டு விலகியிருந்தால் அந்தப் படங்கள் வந்திருக்காது.

பகுதிநேரம் எழுதியது:

நந்தலால் போஸ் தையல்காரரை வரைந்தார். அந்தத் தையல்காரர் யாரையும் வரையவில்லை. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நெசவாளர் சேவை மையத்தில் ஓவியரை எதற்கு வைத்திருந்தார்கள் ஐயா? வடிவமைக்க. அந்த நாற்காலிக்கு ஊதிய விகிதம் இருந்தது, மாத முடிவில் கையெழுத்துப் போட்டால் பணம் வந்தது. கூலியையும் கொள்கையையும் தனித்தனியாகப் பேசலாம் என்கிறீர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு அது முடியும். வாடகை பாக்கி வைத்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே விஷயம்.

பதிவெண்ணை நான் அழகாகத்தான் எழுதினேன். 7க்கு ஒரு வளைவு, 3க்கு ஒரு சுழி என்று ரசித்து ரசித்து எழுதினேன். கடைசித் தேர்வு முடிந்த அன்றே சுரண்டி எடுத்து மேசையைக் கழுவிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்கூட இல்லை. என் வருத்தம் வேறு. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் நோட்டில் டிரைவரின் பின்தலை மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. வழுக்கை, எண்ணெய் தடவிச் சீவியது, துண்டு சுற்றியது, மழைநாளில் குல்லாய் போட்டது. காது மடலை எப்படிக் கவனித்திருக்கிறாள் என்று பார்த்தால் எனக்கே பொறாமை வருகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் சொல்லும் அன்றாடம் அவளிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இல்லாதது ஒரு பாடவேளை, ஒரு நல்ல தாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆசிரியன். கணக்கு ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அவளுக்கு அது கிடைக்கிறது.

பழைய மாணவன் எழுதியது:

சுப்ரமணியன் விஷயத்தில் ஒரு தகவலைச் சேர்த்தால் இருவருக்கும் உதவும். பரோடாவில் ஆசிரியர்கள் கல்லூரி வளாகத்திலேயே, மாணவர்கள் பார்க்க வேலை செய்தார்கள். சொந்தப் படைப்பும் பாடம் நடத்துவதும் அங்கே ஒரே நேரத்தில் நடந்தன. சாந்திநிகேதனின் கலைப் பிரிவான கலாபவனத்தின் கட்டடத்தில் அவர் கறுப்பு வெள்ளையில் செய்த சுவரோவியமும் அப்படித்தான். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் சாரத்தில் ஏறி அதை மறுபடி செய்தார். கீழே மாணவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் வேலை நேரத்துக்குள் கலை செய்தவர். பகுதிநேரம் சொல்லும் பள்ளியில் கலைக்கான நேரத்துக்குள் வேலை வாங்குகிறார்கள். கரிக்கோடு ஐயா முதலாவதை உதாரணமாகக் காட்டி இரண்டாவதற்கு அறிவுரை சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

கரிக்கோடு எழுதியது:

உறுத்தட்டும். ஆனால் அந்த டிரைவர் பின்தலைகள் என் பக்கச் சாட்சி என்பதைப் பகுதிநேரம் தம்பி கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணை நாளைக்கே பஸ்ஸிலிருந்து இறக்கி ஓவியப் பயிற்சி முகாமில் உட்கார வைத்தால் குடமும் திரைச்சீலையும் வரைவாள். வேலையை விடாதே என்று நான் சொல்வது அந்தப் பஸ்ஸைவிட்டு இறங்காதே என்ற பொருளில்தான். பள்ளியில் பாத்திக் போல ஏதாவது கைவேலை தொடங்க முடியாதா? சோழமண்டலத்துக்கே அது சோறு போட்டது.

மெழுகுத்துணி எழுதியது:

ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளியில் அடுப்பு மூட்டி மெழுகு உருக்கச் சொல்கிறீர்களா? எந்தத் தலைமை ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

மெழுகு இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, மருதாணிக் கூம்பில் அடைத்துத் துணியில் கோடு இழுக்கலாம். நன்றாகக் காய்ந்ததும் லேசாகக் கசக்கினால் வெடிக்கும். மேலே தூரிகையால் துணிச்சாயம் பூச வேண்டும். தண்ணீரில் முக்கக் கூடாது, மாவு கரைந்துவிடும். சாயம் பிடித்த பிறகு ஊறவைத்துச் சுரண்டினால் கோடு வெள்ளையாக நிற்கும். பழைய வேட்டி போதும், கஞ்சி போகத் துவைத்திருக்க வேண்டும். மைதா ஒரு கிலோ வாங்கினால் வகுப்பு முழுவதற்கும் காணும். மழைக்காலத்தில் செய்யாதீர்கள், காயாது, பூஞ்சை பிடிக்கும்.

பகுதிநேரம் எழுதியது:

நன்றி அக்கா. மைதாவும் வேட்டியும் என் பொறுப்பு. கூம்பு மடிக்க மாணவிகளுக்கே தெரியும். துணிச்சாயத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன், கிடைக்காவிட்டால் நீலமும் கறுப்பும் மட்டும் வாங்கிக்கொள்வேன். கோடு எவ்வளவு தடிமன் இருந்தால் நன்றாக வெடிக்கும் என்று சொல்லுங்கள். பின்தலை வரைய மெல்லிய கோடு வேண்டியிருக்கும்.

கரிக்கோடு ஐயாவுக்கு: பஸ்ஸைவிட்டு இறங்காதே என்பது சரி. டிக்கெட் காசை யார் தருவது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.