வீட்டில் கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகும் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா (பிடிக்காமல் வழுக்குகிறதா)? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல், ஸ்ப்ளெண்டர்

சித்தப்பா மகனுடைய ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அவனே வீட்டு வாசலில் வைத்து சைடு கவரைக் கழற்றிப் புது பிளேட் போட்டான். பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்திருந்தான். ஸ்ப்ரிங் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியிருந்தான். கவரில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

காரவள்ளி தாண்டிக் கொல்லிமலை ஏறும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வண்டியில் இரண்டு பேர். பாதி மலை ஏறியதும் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில்தான் போகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் சரியாக இழுக்கிறது. சூடு ஏற ஏற இது மோசமானது. திரும்பி வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: டூப்ளிகேட் பிளேட், வேறு செட் வாங்கிப் போடு.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் வாங்கியது கம்பெனி பிளேட்தான். வீட்டில் ஒரு வேலை பார்த்த பிறகு குறை வந்தால், அந்த வேலையில் கை பட்ட ஒவ்வொரு இடத்தையும், ஊற்றிய ஒவ்வொரு பொருளையும் முதலில் பார்க்க வேண்டும். பிளேட் நன்றாக இருந்தும் கிளட்ச் வழுக்கப் பல காரணங்கள் உண்டு.

முதலில் இது ஸ்லிப்தான் என்று உறுதி செய்துகொண்டோம். பலர் சொல்லும் வழி, வண்டியை நிறுத்தி, டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச் லீவரை மெதுவாக விடுவது. எஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்ச் நல்லது என்பார்கள். எங்கள் வண்டி உடனே அணைந்தது. அதை நம்பியிருந்தால் அங்கேயே ஏமாந்திருப்போம். ஐட்லிங்கில் எஞ்சின் தரும் விசை மிகக் குறைவு, அரைகுறையாகப் பிடிக்கும் கிளட்ச் கூட அதைத் தாங்கிவிடும். இந்தச் சோதனையில் எஞ்சின் அணையாவிட்டால் கிளட்ச் நிச்சயம் மோசம். அணைந்துவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

சரியான சோதனை ஓட்டிப் பார்ப்பதுதான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காலியான நேர் சாலையில் டாப் கியரில் முப்பது, முப்பத்தைந்தில் போய்க்கொண்டே முழுசாக முறுக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதை நம்பித்தான் பார்க்க வேண்டும். சத்தம் ஏறுவதும் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். எங்களுக்குச் சத்தம் முன்னே ஓடியது, முள் பின்தங்கியது. சின்ன கியரில் இது தெரியாததற்குக் காரணம் உண்டு. சின்ன கியரில் வண்டி சுலபமாக நகர்ந்துவிடுவதால் கிளட்ச் மேல் பாரம் அதிக நேரம் நிற்பதில்லை. பெரிய கியரில் ஏற்றத்தின் பாரம் முழுக்க பிளேட்டின் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்து கேபிள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தோம், சரியாக இருந்தது. எஞ்சின் சூடான பிறகும் ஒருமுறை அளந்தோம், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினில் இருக்கும் ப்ளே சூட்டில் காணாமல் போவதும் உண்டு. அதுவும் சரி.

அப்புறம்தான் ஆயில் பற்றிக் கேட்டேன். கவரைத் திறக்கும் முன் ஆயிலை வடித்துவிட்டு, மூடிய பிறகு சித்தப்பாவின் காருக்கு வாங்கி மிச்சம் இருந்த ஆயிலை ஊற்றியிருக்கிறான். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில், நல்லதுதானே என்று நினைத்திருக்கிறான். டப்பாவை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். ஆயிலின் தடிமன் 5டபிள்யூ-30. பின்புற வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்', அதாவது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ரகம், என்று போட்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் வேலை பார்க்கும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். நம் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், பிளேட் அதில் நனைந்துகொண்டேதான் வேலை செய்யும். பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். கார் எஞ்சினுக்கு அது நல்லது. உராய்வை நம்பியே பிழைக்கும் கிளட்ச் பிளேட்டுக்கு அதுவே எமன். இதற்காகத்தான் ஜப்பானில் 1998-இல் ஜாசோ (JASO) என்ற பைக் ஆயில் தரம் கொண்டு வந்தார்கள். எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று இருந்தால் நனைந்த கிளட்ச் உள்ள பைக்குக்கு ஏற்றது. அவற்றில் எம்ஏ2 பிடிமானம் அதிகம் உள்ளது. எம்பி என்று இருந்தால் உராய்வு குறைந்த ஆயில், எஞ்சின் ஆயிலில் கிளட்ச் நனையாத கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு உரியது. டப்பாவின் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், பின்பக்கம் திருப்பி இந்த எழுத்துகளைத் தேடுங்கள்.

ஆயிலை வடித்துவிட்டு ஜாசோ எம்ஏ தரத்தில் 10டபிள்யூ-30 ஊற்றினோம். கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி புதுசு ஊற்றினோம். சமதளத்தில் ஸ்லிப் போய்விட்டது. ஆனால் மலையில், இரண்டு பேர் உட்கார்ந்து ஏறினால், இன்னும் லேசாக இருந்தது.

சரி என்று கவரைத் திறந்தோம். புதிதாகப் போட்ட ஃப்ரிக்ஷன் பிளேட்டின் (உராய்ந்து பிடிக்கும் பிளேட்) தடிமன் நன்றாகவே இருந்தது. ஆனால் அவற்றுக்கு நடுவே வரும் ஸ்டீல் பிளேட்களை அவன் மாற்றவே இல்லை. பழைய கிளட்ச் தேய்ந்து வழுக்கிய காலத்தில் அவை சூடேறிக் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகியிருந்தன, இரண்டில் நீலம் பாய்ந்திருந்தது. மேசைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால், நீலமான இரண்டும் வளைந்திருந்தன. பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் இதற்கு 0.2 மில்லிமீட்டர்தான் எல்லை. ஸ்டீல் பிளேட் முழு செட்டும் ஸ்ப்ரிங்கும் புதுசு வாங்கினோம். ஃப்ரிக்ஷன் பிளேட் அதே பழைய 'டூப்ளிகேட்' பிளேட்தான், எஞ்சின் ஆயிலில் ஊற வைத்துத் திரும்பப் போட்டோம். இப்போது கொல்லிமலையில் மூன்றாவது கியரில் நன்றாக இழுக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? கடைசியில் எதில் குறை இருந்தது என்பதையும் எழுதுங்கள்.


திருநெல்வேலி, பட்டறை வைத்திருப்பவர்

அண்ணே, ஆயில் கதை என் பட்டறைக்கும் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வீட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது கேபிள் குறைதான். நீங்கள் கேபிளை முதலில் பார்த்தது ரொம்பச் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டிலும் ப்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பல்சர் வந்தது. பார்சல் கொடுக்கும் பையன் வண்டி, உயரமான ஹேண்டில்பார் வாங்கி வீட்டிலேயே மாட்டியிருந்தான். கேபிள் பழசுதான். நேராக நிற்கும்போது லீவரில் ப்ளே இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பியதும் கேபிள் இழுபட்டு ப்ளே சுத்தமாகப் போய்விடுகிறது. அதாவது, லீவரை யாரோ பாதி பிடித்த மாதிரியே வண்டி ஓடுகிறது. திருப்பத்தில்தான் ஸ்லிப் ஆகிறது என்று அவன் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லையாம். அவன் சொன்னது அப்படியே உண்மை. ஓட்டுகிறவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கேபிளை டேங்கின் அடியில் சரியான வழியில் விட்டும் நீளம் எட்டவில்லை, நீளமான கேபிள் போட்டு அனுப்பினேன். அதற்குள் பிளேட் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று, சில யமஹா வண்டிகளில் எஞ்சின் மேலே கேபிள் மாட்டும் புஷ் லீவரில் ஒரு குறி இருக்கும், எஞ்சின் கேஸிலும் ஒரு குறி இருக்கும். லீவரைக் கையால் தள்ளி, அது முட்டி நிற்கும் இடத்தில் இரண்டு குறியும் நேருக்கு நேர் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே புஷ் ராட் (கிளட்சைத் தள்ளும் கம்பி) ஸ்க்ரூவில்தான் சரி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் மேலே கேபிள் அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் வண்டி ஒரு நாள் ஸ்லிப் ஆகும், இன்னொரு நாள் கியர் விழாது.

கிக்கர் வைத்தும் சந்தேகத்தைத் தீர்க்கலாம். நியூட்ரலில் மட்டுமே கிக் அடிக்க முடிகிற வண்டிகளில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டியில் கிக்கர் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம்) தட்டாமல் வெறுமனே இறங்கினால், கிளட்ச் ரொம்பவே மோசம் என்று அர்த்தம்.


தேனி, ஷைன் 125

எங்கள் வீட்டு அனுபவம் வேறு மாதிரி. நான் தினமும் பள்ளிக்கு ஓட்டிப் போகிற வண்டி. செயின் ரொம்பத் தொய்ந்துவிட்டது என்று என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே புது செயின் மாட்டினார். அதன் பிறகு பேருந்தை முந்துவதற்காகச் சட்டென்று முறுக்கினால் வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் இரைந்தது. தெரிந்த இரண்டு பேர் கிளட்ச் போய்விட்டது என்றார்கள். பிளேட்டுக்கு விலை கூடக் கேட்டாகிவிட்டது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. சத்தம் ஏறும்போது கால் வைக்கும் இடத்தில் ஒரு உதறல் வந்தது, கூடவே 'டக் டக்' என்று ஒரு தட்டல். கிளட்ச் வழுக்கினால் அப்படி உதறாது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அவர் பல வருடங்கள் லாரி ஓட்டியவர். கிளட்ச் வழுக்கும்போது எஞ்சின் சத்தம் மிருதுவாக, தடையில்லாமல் ஏறும் என்பார்.

ஷைனில் செயின் கவர் முழுசாக மூடியிருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. கவரைக் கழற்றச் சொன்னேன். செயின் புதுசு, பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) பழசு. அதன் பற்கள் தேய்ந்து, கூர்மையாகி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அழுத்தி முறுக்கும்போதெல்லாம் புது செயின் அந்தப் பல் மேல் ஏறித் தாண்டியிருக்கிறது. முன், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டும் செயினோடு சேர்த்து செட்டாக மாற்றியதும் சரியாகிவிட்டது. கிளட்சைத் தொடவே இல்லை.

பெண்கள் வண்டியில் சத்தம் வருகிறது என்று சொன்னால் சும்மா கேட்டுவிட்டு விடுகிறார்கள். தினமும் அந்த வண்டியில் போகிறவளுக்குத்தான் நேற்று இல்லாத சத்தம் இன்று இருப்பது தெரியும். தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.


கிருஷ்ணகிரி, ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்

அண்ணா, நானும் இந்த வாரம் பிளேட் மாற்றப் போகிறேன், அதனால் கேட்கிறேன். புது பிளேட்டை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்? பழைய ஸ்டீல் பிளேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தலாமா? ஆயில் போன மாதம்தான் மாற்றினேன், அதையே வடித்துத் திரும்ப ஊற்றலாமா?


திருநெல்வேலி, பட்டறை வைத்திருப்பவர்

தம்பி, உன் வண்டிக்கு ஊற்றும் அதே எஞ்சின் ஆயிலில் சில மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி போட்டு வைத்துவிட்டுக் காலையில் எடுத்து மாட்டினால் இன்னும் நிம்மதி. ஊறாமல் காய்ந்த பிளேட் போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகிப் பளபளப்பு ஏறிவிடும்.

ஸ்டீல் பிளேட் நீலம் பாயாமல், வளையாமல் இருந்தால் நுண்ணிய உப்புத்தாளைத் தட்டையான பரப்பில் வைத்து லேசாகத் தேய்க்கலாம், அந்தப் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும். நீலமாக இருந்தால் யோசிக்காமல் மாற்று. தேய்த்த தூள் துளி கூட இல்லாமல் பெட்ரோலில் கழுவித் துடைத்து, அப்புறம் ஆயில் தடவிப் போடு. கழற்றும்போதே ஒவ்வொரு பிளேட்டும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள். சில வண்டிகளில் கடைசி பிளேட்டின் காது (ஓரத்தில் நீட்டியிருக்கும் பகுதி) மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் உட்காரும், அதை மற்றவற்றோடு ஒரே பள்ளத்தில் தள்ளிவிடாதே.

ஆயிலை மறுபடி ஊற்ற வேண்டாம். பழைய பிளேட் தேய்ந்த தூள் அதில்தான் இருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் ஆயில் அளவு இரண்டு விதமாகக் கொடுத்திருப்பார்கள். சும்மா ஆயில் மாற்றினால் ஒரு அளவு, எஞ்சினைப் பிரித்து மூடினால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஊற்றியதும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு, அணைத்து, சற்று நேரம் கழித்து டிப்ஸ்டிக்கில் பார்.


நாமக்கல், ஸ்ப்ளெண்டர்

தம்பிக்கு இன்னும் ஒன்று. மாட்டி முடித்ததும் லீவர் ப்ளேவை வைத்துவிட்டு அதோடு விட்டுவிடாதே. புது பிளேட் உட்கார உட்கார ப்ளே குறையும். எங்கள் வண்டியில் முதல் வாரத்திலேயே கேபிளை மறுபடி தளர்த்த வேண்டியிருந்தது. கீழே கவர் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரில் பெரிய திருத்தத்தை வைத்துக்கொள், லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை நடுவில் நிறுத்து. அப்போதுதான் வழியில் எங்கேயாவது கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே செய்துகொள்ளலாம். தேனி சகோதரி சொன்ன ஸ்ப்ராக்கெட்டையும், ஹேண்டில் திருப்பி ப்ளே பார்ப்பதையும் நாளைக்கே இந்த வண்டியில் பார்த்துவிடுகிறேன்.