கோயம்பேடு சந்தையை ஊருக்கு வெளியே அனுப்பலாமா?

வடபழனிவாசி:
2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டுப் போய்விட்டன. அடுத்து நகர வேண்டியது காய்கறிச் சந்தைதான் என்பது என் கருத்து. 1996-ல் பழைய கொத்தவால் சாவடிச் சந்தையின் நெரிசல் தாங்காமல் இங்கே மாற்றியபோது கோயம்பேடு ஊரின் ஓரம். இன்று நட்டநடு ஊர். 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், விடிய விடிய லாரிகள்.

இடநெருக்கடியைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. 2020 மே 5-ல் கொரோனா பரவலால் சந்தையை மூடினார்களே, அந்த வாரம் நினைவிருக்கிறதா? ஒரே ஒரு வாசல் அடைபட்டதும் ஊர் முழுக்கக் காய்கறி விலை எகிறியது. இவ்வளவு பெரிய நகரம் ஒற்றை வாசலை நம்பி இருக்கக் கூடாது. மொத்த வியாபாரம் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்குப் போகட்டும். சென்னை மாநகராட்சியின் எல்லா மண்டலங்களிலும் உழவர் சந்தை வரட்டும். இதை மனுவாக எழுதி எங்கள் குடியிருப்போர் சங்கம் கொடுக்கப் போகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மண்டிவீட்டுப் பிள்ளை:
அண்ணா, நீங்கள் திருமழிசை என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு அந்தச் சேறுதான் கண்ணில் வந்தது. 2020-ல் மொத்தக் காய்கறிக் கடைகளைத் தற்காலிகமாக அங்கேதான் போட்டார்கள். பழம் மாதவரத்துக்கு, பூ வானகரத்துக்கு. ஒரு மழைக்கு முட்டியளவு சகதி. தக்காளிப் பெட்டியை இறக்க இடமில்லாமல் எங்கள் கண்ணெதிரே அழுகிப் போனது. செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு திறக்கும் வரை என் அப்பா சரியாகத் தூங்கவில்லை.

சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு மதனப்பள்ளி, கோலார் பக்கத்துச் சரக்கு. வெங்காயம் நாசிக்கிலிருந்து, கேரட்டும் பீட்ரூட்டும் ஊட்டியிலிருந்து. இவை எல்லாம் ஓர் இடத்தில் வந்து இறங்கினால்தான் இன்றைக்கு என்ன விலை என்று ஒரு கணக்கு நிற்கும். மூட்டை கேட்பவனும் இரண்டு கிலோ கேட்பவனும் ஒரே வளாகத்தில் வாங்க முடியும். மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் லாரிக்காரன் அத்தனை இடமும் சுற்றுவானா? அந்த வாடகை கடைசியில் யார் தலையில் விழும்?

புழல் ஏரிக்கரை:
நான் திருவள்ளூர் மாவட்டத்தில் கீரையும் கத்தரியும் வெண்டையும் போடுகிறேன். இரண்டு ஏக்கர், அதில் ஒன்று குத்தகை. தம்பி சொல்வது போல விலை ஒரு கணக்கில் நிற்கிறது என்பது மண்டிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. எனக்குச் சரக்கை இறக்கிய பிறகுதான் விலையே தெரியும். நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக் கூலி, மூட்டைக்குக் கழிவு. எல்லாம் போய்க் கையில் வருவதை வைத்துப் பறிப்புக் கூலி கொடுத்தால் மீதி சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

உழவர் சந்தை நல்ல திட்டம். 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியது. இடைத்தரகர் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் அவர்களே தருவார்கள். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் வைத்து நாள்தோறும் பலகையில் எழுதுவார்கள். இரண்டு பக்கமும் லாபம்தான். ஆனால் அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குச் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேட்டு நகல்கள் வேண்டும். குத்தகை நிலத்துக்கு அடங்கல் என் பெயரில் எப்படி வரும்? நிலத்துக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். மனையாக விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கம் நிலத்தின் விலை கத்தரிக்காயின் விலையோடு ஒட்டவே இல்லை. சந்தையை எங்கே வைப்பது என்று நீங்கள் பேசுகிறீர்கள். நகரத்துக்கு அருகே விளைய நிலம் மிஞ்சுமா என்று நான் கேட்கிறேன்.

வடபழனிவாசி:
ஐயா, குத்தகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மனுவில் சேர்க்கிறேன். நிலத்தைப் பற்றி: விளைநிலம் என்று முழுமைத் திட்டத்தில் குறித்துவிட்டால் மனை போட முடியாதுதானே?

புழல் ஏரிக்கரை:
குறித்தால் போதாது. குறித்த நிலத்தையும் வகைமாற்றம் செய்து மனை போட்டதை எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டேன். விளைச்சலுக்கு நிச்சயமாக ஒருவர் வாங்குவார் என்றால்தான் நிலத்துக்காரரும் விற்காமல் வைத்திருப்பார்.

கணினித்தேனீ:
சந்தையே எதற்கு என்பது என் கேள்வி. செயலியில் பதிந்தால் பத்து நிமிடத்தில் காய்கறி வீட்டு வாசலுக்கு வருகிறது. இந்த நிறுவனங்களில் சில உழவரிடமே நேரடியாக எடுக்கின்றன. அரசு குளிர்கிடங்கும் சாலையும் மட்டும் அமைத்துக் கொடுத்தால் மற்றது தானே நடக்கும்.

கூடைக்காரம்மா மகள்:
தம்பி, உங்கள் வாசலுக்கு வரும். புளியந்தோப்பில் எங்கள் சந்துக்கு வராது. வந்தாலும் பத்து ரூபாய்க்குக் கால்கிலோ தக்காளியும் இரண்டு பச்சைமிளகாயும் கொசுறாகக் கொத்தமல்லியும் அந்தச் செயலி தராது. என் அம்மா தருகிறார். நாளைக்குக் காசு கொடு என்று கடனுக்கும் தருகிறார்.

எல்லோரும் உழவரையும் மண்டியையும் பேசினீர்கள். நடுவில் நடந்து போகிறவர்களை யாருமே சொல்லவில்லை. அம்மா இரவு இரண்டு மணிக்கு நாலு பேரோடு சேர்ந்து குட்டியானையில் கோயம்பேடு போவார். மூன்றரைக்குத் திரும்பினால்தான் விடிவதற்குள் கூறு கட்டி உட்கார முடியும். 2020-ல் திருமழிசைக்கு மாற்றியதும் வண்டி வாடகை இரண்டு மடங்கு ஆனது, நேரமும் அப்படித்தான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று பேர் தொழிலையே விட்டார்கள். அதில் ஒருவர் இன்று வரை திரும்ப வரவில்லை. சந்தை தூரம் போவதால் தொற்று குறையுமா, நெரிசல் குறையுமா, எனக்குத் தெரியாது. தூரத்தை யார் சுமந்தார்கள் என்பது தெரியும்.

பணத்தையும் சொல்கிறேன். பத்தாயிரம் தண்டல் எடுத்தால் கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதே 2020 ஜூனில் சாலையோர வியாபாரிகளுக்கு வங்கிக் கடனாகப் பத்தாயிரம் தரும் ஸ்வநிதி திட்டம் வந்தது. அம்மாவுக்கு அப்போது வியாபாரி அட்டை இல்லை. அலைந்து அலைந்து விட்டுவிட்டார். 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கணக்கெடுத்துச் சான்று தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒருவர் பெண். உங்கள் மனுவில் அந்தக் குழுவின் பெயராவது இருக்கிறதா?

வடபழனிவாசி:
இல்லை அம்மா. இல்லை என்பதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் சங்கத்தில் இந்த மனுவைப் பேசிய பதினோரு பேரில் ஒருவர்கூடக் கூடைக்காரரிடம் கேட்கவில்லை.

மண்டிவீட்டுப் பிள்ளை:
அக்கா சொல்வதுதான் என் அனுபவமும். எங்கள் கடையில் அதிகாலை வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் அவர் அம்மா போன்றவர்கள். ஐயா சொன்ன கமிஷனுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். விதைக்கு, மருந்துக்கு முன்பணம் கொடுப்பதும் மண்டிதான். சரக்கு விற்காமல் நின்றால் நட்டமும் எங்களுடையது. ஆனால் இறக்கிய பிறகு விலை சொல்வது தவறு, அதை நான் மறுக்கவில்லை. கடை வாசலில் காலை ஏல விலையைப் பலகையில் எழுதச் சொன்னால் எழுதுகிறோம்.

குப்பையையும் பாருங்கள். நாளுக்கு நூறு டன்னுக்கு மேல் காய்கறிக் கழிவு சேர்கிறது. 2005-ல் சந்தைக்கு உள்ளேயே 30 டன் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்ய ஆலை கட்டினார்கள். ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் அது முடங்கிப் போனது. சந்தையை நகர்த்தினால் அழுகலும் கூடவே நகரும், அவ்வளவுதான்.

புழல் ஏரிக்கரை:
முன்பணம் வாங்கினவன் வேறு கடைக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது, தம்பி. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிச்சயமாக வாங்குபவர் யார் என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அம்மா உணவகம் 2013-ல் வந்தது, இட்லி ஒரு ரூபாய். பள்ளியில் காலை உணவு 2022 செப்டம்பரில் வந்தது. சத்துணவு அதற்கும் முந்தையது. சென்னையில் அரசே தினம் பெரிய பெரிய அண்டாவில் சாம்பார் வைக்கிறது. அதற்கான கத்தரிக்காயும் கீரையும் எங்களிடமிருந்து குழுவாக எடுத்தால் என்ன? பிரேசிலில் 2009-ல் சட்டமே போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு முப்பதாவது குடும்ப விவசாயிகளிடம் வாங்கியாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அப்படி ஒன்று இங்கே வந்தால் நான் உழவர் சந்தைக்குக்கூட வரத் தேவையில்லை, வயலிலேயே இருப்பேன்.

கணினித்தேனீ:
இது நல்ல யோசனை. ஆனால் அரசு பணம் தர மூன்று மாதம் ஆகும். கமிஷன் பிடித்தாலும் மண்டி அன்றைக்கே தரும்.

புழல் ஏரிக்கரை:
உண்மை. வாரத்துக்கு ஒருமுறை பணம் என்று எழுதாமல் அந்த யோசனையால் எனக்குப் பயனில்லை.

வடபழனிவாசி:
மனுவைத் திருத்துகிறேன். திருமழிசை வரியை எடுத்துவிட்டேன். கோயம்பேடு இங்கேயே இருக்கட்டும். கழிவு ஆலை, விலைப்பலகை, இரவு இரண்டு மணிக்கு வரும் சிறு வியாபாரிகளின் வண்டிகளுக்குத் தனி வாசல், இவற்றைக் கேட்கிறோம். அரசு சமையற்கூடங்கள் வாரச் சம்பளம் போல உழவர் குழுக்களுக்குப் பணம் தர வேண்டும் என்பதும் சேர்ந்தது. மண்டலத்துக்கு ஓர் உழவர் சந்தை என்பதை மட்டும் விடமாட்டேன். 2020 மாதிரி ஒரு வாசல் மூடினால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும்.

கூடைக்காரம்மா மகள்:
அந்த உழவர் சந்தை எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வந்தால் அதன் வாசலில் அம்மா கூடை வைக்கலாமா, கூடாதா? அதை எழுதிய பிறகு எங்களிடமும் கையெழுத்து கேளுங்கள் ஐயா. ஞாயிறு மாலை என்றால் எங்கள் தெருவில் பதினேழு பேர் இருப்பார்கள்.