நித்தியகல்யாணி செல் வளர்ப்பில் கைட்டோசான்: வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் தாவர உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் நான், திருவொற்றியூர்க் கடற்கரையோரம் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து பெற்ற செல்களை எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) என்ற ஊட்டச்சத்து ஊடகத்தில் நீர்ம வளர்ப்பாக வளர்த்து, அவற்றில் அஜ்மாலிசின் என்ற ஆல்கலாய்டின் (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்) அளவை உயர்த்த முயன்று வருகிறேன். (புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை நாடவில்லை, அதற்கு வேண்டிய வின்டோலின் இத்தகைய செல்களில் ஏறக்குறைய உருவாவதே இல்லை.)

பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டின் இறால், நண்டு ஓடுகளிலும் இருப்பதால், காசிமேட்டில் கழிவாகக் குவியும் ஓடுகளின் கைட்டினிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கி எடுத்த கைட்டோசானைச் சேர்த்தால், பூஞ்சை தாக்கியதாகவே செல்கள் உணர்ந்து, தற்காப்புக்காக ஆல்கலாய்டுகளைக் கூடுதலாக உருவாக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால், சேர்த்த மறுநாளே வெளிர்மஞ்சள் செல்கள் பழுப்பேறி, குடுவையின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்கின்றன. கரைப்பானான அசிட்டிக் அமிலம் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குடுவையில் அவ்வாறு நிகழவில்லை.

வளர்ச்சி வேகம் தணியத் தொடங்கும் கட்டத்தில் கைட்டோசானைச் சேர்ப்பது நல்லதா, அல்லது 2,4-டி (செயற்கை வளர்ச்சி ஹார்மோன்) இல்லாத புது ஊடகத்துக்குச் செல்களை மாற்றிய பிறகா? கைட்டோசானின் அசிட்டைல் நீக்க அளவை எளிய டைட்ரேஷன் மூலம் கணித்தவர்கள் தங்கள் செய்முறையைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஆல்கலாய்டை அளக்க உதவும் எச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு) வசதியுள்ள ஆய்வகம் தெரிந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.