ராத்திரி கார் ஓட்ட எந்த லென்ஸ், எந்த கோட்டிங்?

ஆண்டிபட்டிக்காரன்:
மதுரையில் வேலை முடித்து, உசிலம்பட்டி வழியாக தினமும் காரில் ஊர் திரும்புகிறேன். செக்கானூரணி தாண்டும்வரை மாலைச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கிறது. இருட்டியபின் கணவாய் வளைவுகளில் எதிர்வண்டி லைட் கோடு கோடாக இழுக்கிறது. வயது 44. கடையில் ப்ளூ கட் (நீல வெளிச்சத்தைத் தடுக்கிறது), மஞ்சள் லென்ஸ், வெயிலில் கறுக்கிற லென்ஸ் மூன்றையும் காட்டுகிறார்கள். எதை எடுக்கலாம்?

மாசிவீதி கண்ணாடிக்கடை:
அண்ணே, லைட் கோடாக இழுக்கிறது என்றால் முதலில் பவரைப் பாருங்கள். எங்கள் கடைக்கு வரும் லாரி டிரைவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் பவர்) கொஞ்சம் விட்டுப்போனாலும், அதை வைக்கும் கோணமான ஆக்சிஸ் விலகினாலும் இப்படி இழுக்கும். கண்புரை ஆரம்பித்தாலும் வெளிச்சம் சிதறும், அதனால் கண் டாக்டரிடமே காட்டிவிடுங்கள். காரின் முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்துப் பாருங்கள்.

அப்புறம் காசை ஏஆர் கோட்டிங்கில், அதாவது லென்ஸ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காமல் தடுக்கும் பூச்சில் போடுங்கள். கோட்டிங் இல்லாத சாதா பிளாஸ்டிக் லென்ஸ், இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 8 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பாலிகார்பனேட்டில் 10 வரை போகும். பின்னால் வரும் வண்டியின் லைட் லென்ஸின் உள்பக்கம் பட்டுக் கண்ணில் அடிப்பதும் இதனால்தான். நல்ல கோட்டிங் இதை 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஆனால் தூசியோடு சட்டை நுனியில் தேய்த்தால் கோட்டிங் கீறிவிடும், தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

ராத்திரிக்கு மஞ்சள் லென்ஸ் வேண்டவே வேண்டாம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கும். எதிர்லைட் அடிக்கும்போது ரோட்டோரம் நடப்பவரைக் கண்டுகொள்ள அது உதவவில்லை என்று 2019இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் வந்தது. ஓரத்தில் நடந்து வருகிறவர் நம் ஊர்க்காரர்தானே, விளையாட்டில்லை அண்ணே. ப்ளூ கட்டும் ஹெட்லைட் கூச்சத்துக்கு உதவாது. கறுக்கிற லென்ஸ் புறஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். அதைக் காரின் முன்கண்ணாடியே தடுத்துவிடுவதால், உள்ளே பெரும்பாலும் வெளுத்தேதான் இருக்கும்.

வாடகைக்கார்:
மாலை வெயிலுக்குப் பவர் போட்ட போலரைஸ்டு கூலிங் கிளாஸ் தனியாக வைத்திருக்கிறேன். தார் ரோட்டுப் பளபளப்பு அடங்கிவிடும். சில டிஸ்ப்ளே அதில் கறுத்துத் தெரியும், உங்கள் வண்டியில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். பொழுது சாய்ந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆண்டிபட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. படிக்கவும் பவர் வந்துவிட்டது. தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸாக வரும் ப்ரோக்ரெசிவ் போட்டு ஓட்டலாமா?

மாசிவீதி கண்ணாடிக்கடை:
ஓட்டலாம். ஓரங்கள் கொஞ்சம் கலங்கும், சைடு மிரருக்குத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பகலில் பழகிக்கொண்டு அப்புறம் ராத்திரி கணவாய் ஏறுங்கள்.