தாண்டாத ஆற்றுக்கு ஒரு போரா?

மல்லுக்கட்டு: "ஹன்னிபால் ஒப்பந்தத்தை மீறி எப்ரோ ஆற்றைத் தாண்டி சகுண்டத்தைத் தாக்கினான், அதனால்தான் ரோம் போருக்கு வந்தது" என்று ரோமதாசன் நேற்று அளந்திருக்கிறார். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றைப் படையோடு தாண்டமாட்டோம் என்று வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜ் ரோமுக்குக் கொடுத்த வாக்குத்தான் அந்த ஒப்பந்தம்; ஹன்னிபால் கார்த்தேஜின் தளபதி. ஐயா, மேப்பைத் திறந்தாவது பார்த்தீரா? சகுண்டம் இருப்பது வலென்சியா பக்கம். எப்ரோ ஓடுவது அதற்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. ஹன்னிபால் வந்ததோ தெற்கேயிருந்து. அவன் எந்த ஆற்றைத் தாண்டினான்?

ரோமதாசன்: ஆத்தை விடுங்க. சகுண்டம் ரோமோட நட்பு நகரம். கூட்டாளிகள் மேல கை வைக்கக்கூடாதுன்னு, ரோமும் கார்த்தேஜும் போட்ட முதல் போரை முடிச்ச கிமு 241 ஒப்பந்தத்துலயே இருக்கு. எட்டு மாசம் முற்றுகை போட்டு ஊரையே அழிச்சவனுக்கு வக்காலத்தா?

மல்லுக்கட்டு: நேற்று ஆறு, இன்று கூட்டாளியா? 241இல் சகுண்டம் ரோமுக்குக் கூட்டாளியே இல்லை. கார்த்தேஜ்காரர்கள் அந்த ஒப்பந்தத்தையே வாசித்துக் காட்டி இதைத்தான் கேட்டார்கள். ஆறு வடக்கா தெற்கா? பதில் வேண்டும்.

புளியோதரை: பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் சகுண்டத்தை எப்ரோவுக்கு வடக்கேதான் வைக்கிறார்.

மல்லுக்கட்டு: அவர் முந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதியவர். அவருக்காக ஊர் நகர்ந்து போகுமா?

கப்பல்காரன்: சார்டினியாவை ஏன் யாரும் தொடவில்லை? தன் கூலிப்படையே செய்த கலகத்தில் கார்த்தேஜ் நொந்து கிடந்தபோது அதனிடமிருந்து அந்தத் தீவையும் பிடுங்கி, 1,200 தாலந்து (வெள்ளி எடைக் கணக்கு) தண்டமும் போட்டது ரோம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸே போருக்குப் பெரிய காரணம் இதுதான் என்கிறார்.

ரோமதாசன்: ஒன்பது வயசுலயே ரோமுக்கு நண்பனா இருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவன் ஹன்னிபால். தீவு வெறும் சாக்கு.

மல்லுக்கட்டு: சத்தியத்தை எப்ரோ கரையில் செய்தானோ? நட்பு நகரமாம்! எட்டு மாதத்தில் ரோம் ஒரு படைவீரனையாவது அனுப்பியதா? ரோமின் தலைமை ஆட்சியாளர்களான கான்சல்கள் இருவரும் கடலுக்கு அந்தப்பக்கம் இல்லிரியாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கார்த்தேஜ் சபையில் ரோமின் மூத்த தூதர் தோகா என்ற மேலாடையின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "போரும் இதில், சமாதானமும் இதில், எது வேண்டும்?" என்றாராம். "உமக்குப் பிடித்ததைக் கொடும்" என்றார்கள். நாடகம்!

ரோமதாசன்: ஹன்னிபால் தாண்டின ஆல்ப்ஸ் மலையில 37 யானையும் பிழைச்சதுன்னு எழுதினவரு வரலாறு சொல்ல வந்துட்டாரு.

மல்லுக்கட்டு: நான் எழுதியது ஆல்ப்ஸுக்கு முன்னால் வரும் ரோன் ஆற்றங்கரை யானைகளை. படிக்கத் தெரியாவிட்டால் யானை என்ன செய்யும்?

புளியோதரை: 218இல் எப்ரோவைத் தாண்டினானே, அது?

மல்லுக்கட்டு: அது அடுத்த வருஷம். சகுண்டம் விழுந்தது 219இல். தெற்கே!

ரோமதாசன்: தெற்கோ வடக்கோ, அடிச்சது அவன்தானே.

மல்லுக்கட்டு: அப்போ தெற்கு என்று ஒப்புக்கொள்கிறீர்?

ரோமதாசன்: நான் எங்க ஒத்துக்கிட்டேன்? முதல்ல யானைக்குப் பதில் சொல்லுங்க.