முன்பே பதிந்த பாட்டுக்கு என்ன சொல்?

அன்பர்களுக்கு வணக்கம். திரைப்பட வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடமாக வைத்திருப்பது 1930இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த ‘குட் நியூஸ்’ என்ற பாட்டுப் படம். வானியல் தேர்வில் தேறினால்தான் கல்லூரி வீரன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் இறங்கலாம்; பாடம் சொல்லித்தர வரும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். 1927இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஓடிய இசைநாடகம்தான் மூலம்.

பேசும்படம் வந்த புதிதில் பாட்டையும் படத்தையும் ஒருசேரப் பதிந்தார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் பக்கத்திலேயே இருந்து வாசித்தார்கள். 1929இல் அதே நிறுவனம் ‘பிராட்வே மெலடி’யின் ஒரு நடனத்தைத் திரும்ப எடுத்தபோது, பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு அதற்கு ஆட வைத்தது. பாட்டை முதலில் பதிந்துகொள்வது பின்னர் வழக்கமாயிற்று. இந்தப் பிரீ-ரெக்கார்டிங்குக்கு ‘முன்பதிவு’ என்று எழுதினால் வகுப்பில் எல்லாருக்கும் ரயில்தான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.
– கோவை

ஐயா, ‘பின்னணி’ இருக்க இன்னொன்று எதற்கு? ‘பின்னணிப் பதிவு’ என்றால் பாமரருக்கும் புரியும். புரியாத தூய சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
– சென்னை

சென்னை நண்பருக்கு: பின்னணி என்றாலே ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது என்றுதான் நம்மவர் எடுத்துக்கொள்வர். ‘குட் நியூஸ்’ படத்தில் யூகலேலி என்ற சிறு கிதாரோடு வரும் கிளிஃப் எட்வர்ட்ஸ் பாடகராகவே பெயர் பெற்றவர். அவர் போன்றவர் தம் குரலுக்குத் தாமே வாயசைத்தால் அதை எப்படிப் பின்னணி என்பது?

இரவல் குரலுக்குச் சொல் வேண்டுமானால் சிலம்பிலேயே இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடுமுன் ‘தோரிய மகளிர்’ வாரம் என்னும் தெய்வப் பாட்டைப் பாடுகிறார்கள். ஆடி முதிர்ந்து, பிறகு பாட வந்தவர்கள் அவர்கள். பின்னணிப் பாடகியைத் ‘தோரியர்’ எனலாமே! முன்பே பதிந்த பாட்டுக்கு ‘கரந்திசை’. கரந்து என்றால் மறைந்து; அதே காதையில் வரும் கரந்துவரல் எழினி என்ற மறைந்து வரும் திரைச்சீலை போல, பாடியவர் அவையில் தோன்றாமல் இசை மட்டும் வருகிறது.
– தஞ்சை

தஞ்சை ஐயாவின் புலமைக்கு வணக்கம். ஆனால் ‘கரத்தல்’ என்றால் குறளில் ஒளித்துவைத்தல். ‘கரவு’ வஞ்சகம் வரை போய்விடும். இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை, பாடியவரே திரையில் நிற்கிறார். காலத்தால் முந்தியது என்பதுதான் செய்தி. ‘முன்னொலி’ போதும்.
– யாழ்ப்பாணம்

‘முன்னொலி’யில் ஒரு சிக்கல். தொல்காப்பியர் ‘முன்’னை ஏழாம் வேற்றுமைப் பட்டியலிலும் வைக்கிறார், ‘பின் முன் கால் கடை’ என்று வினையெச்ச ஈறுகளிலும் வைக்கிறார். இடமும் அதுவே, காலமும் அதுவே. பின்னணியில் ‘பின்’ இடம். அதன் பக்கத்தில் ‘முன்னொலி’யை வைத்தால், மேடையின் முன்புறத்து ஒலி என்றே மாணவர் படிப்பார். ‘முன்னொலிப்பதிவு’ என்று நீட்டினால் காலப்பொருள் ஓரளவு நிற்கும்.
– மதுரை

சொல் கிடக்கட்டும். ‘குட் நியூஸ்’ படத்தின் கடைசிச் சுருள் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. அது இன்று இல்லை. மிஞ்சிய பிரதி முடிவில்லாமல் நிற்கிறது. இதைக் கையேட்டில் கட்டாயம் சொல்லுங்கள். ‘வார்சிட்டி டிராக்’ நடனத்தில் துள்ளும் டாரத்தி மெக்நல்டிதான் பின்னாளில் பென்னி சிங்கிள்டன் என்ற பெயரில் ‘பிளாண்டி’ படங்களில் வந்தவர் என்பதையும் சேருங்கள்.
– சேலம்

எல்லாருக்கும் நன்றி. சேலத்தார் சொன்ன இரண்டையும் சேர்த்துவிட்டேன். மதுரையார் சொன்ன ‘முன்னொலிப்பதிவு’ என்றே அனுப்புகிறேன். ‘தோரியர்’ அழகு, பாடகர் பற்றிய பகுதியில் ஒரு வரி எழுதுகிறேன்.
– கோவை

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் முன் + ஒலி + பதிவு என்று மூன்று சொல்லை ஒட்டிய தொடரைக் கலைச்சொல் என ஏற்கமாட்டேன். அதிலிருந்து வினை ஆக்கிப் பாருங்கள்: ‘முன்னொலிப்பதிந்தார்’ என்று எவர் சொல்வார்? ‘கரந்திசைத்தார்’ இயல்பாக வருகிறது. கரவு பற்றி யாழ்ப்பாணத்தார் சொன்னதற்கு விடையை, சிலம்புக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையோடு நாளை எழுதுகிறேன்.
– தஞ்சை